சொல்லிக்கொள்ளும்படி மீன் இல்லை

ஸ்கார்வோய தீவு,
மார்ச் 11, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா ராங்ஹில்ட் அவர்களுக்கு,

தம்பி எய்லெர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி குட்னியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதாவது நன்றாக இருக்கிறோம். நீயும் பெர்கன் மழையில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கருவாடு ஒரு பொட்டலம் தனியாக அனுப்பப்போகிறேன். சுமார்தான்.

விஷயம் இதுதான். நம் படகுத்துறையை மூடப்போகிறார்கள். மூடுவது மாகாணம் என்றாலும் பூட்டையும் சாவியையும் எடுத்துக் கொடுத்தது நாங்கள். 'கடலோரக் கடல் உணவுத் தொழில் வளர்ச்சித் திட்டம் 2040' என்று ஒன்று தயாராகிறது. எந்தத் துறையை ஆழப்படுத்துவது, எதற்குப் புது ஐஸ் இயந்திரம், எதற்கு மலர்வளையம் என்று அதில்தான் முடிவாகும். அதற்கு ஊருக்கு ஒரு பிரதிநிதி வேண்டுமாம். ஊர்க்கூட்டத்தில் "யார் வர்றீங்க?" என்று கேட்டதும் எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். நான் காப்பிக் கெண்டியை எடுக்கக் கையை நீட்டினேன். அன்றிலிருந்து நான் பிரதிநிதி.

ஜனவரியில் ஆஸ்லோவிலிருந்து பெனடிக்டே என்று ஓர் ஆலோசகர் வந்தாள். நல்ல பெண், பாவம், மெல்லிய காலணி. துறையில் அவளை நிறுத்தியிருந்தபோது நம் ஸ்வெர்ரேயின் படகு வந்தது. மீன் பாரத்தில் விளிம்பு வரை தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் கண் விரிந்துவிட்டது.

"இன்னைக்கு மீன் எப்படிங்க?"

"சொல்லிக்கிற மாதிரி இல்லம்மா."

"ஒன்னுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போட்டா?"

ஸ்வெர்ரே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தான். "ரெண்டு... வேணாம், ஒன்னரை போட்டுக்க."

அவள் மீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றரை என்று எழுதிக்கொண்டாள். கண்ணால் பார்த்ததை எழுத அவள் படிவத்தில் கட்டம் இல்லை. உனக்குத் தெரியாததா அக்கா? கிடைத்த மீனை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். கண் படாவிட்டாலும் மறுநாள் பக்கத்து ஊர் ப்ரெம்விக்காரன் நம் இடத்தில் வந்து வலை போடுவான். நம் அப்பா படகு மூழ்க மூழ்க மீன் கொண்டுவந்த அன்றுகூட "சட்டிக்கு ஆச்சு" என்றுதானே சொன்னார்? அவர் வளர்த்த வளர்ப்பு, ஆலோசகர் வந்தால் மாறுமா?

மதியம் குட்னி அவளுக்கு மீனும் ஈரலும் சினையும் அவித்துப் போட்டாள். அப்புறம் வாஃபிள், அதன் பிறகு ஏழு வகை கேக். மேசையில் கை வைக்க இடமில்லை. "வீட்ல ஒன்னுமே இல்லம்மா, இருந்தத வெச்சு ஏதோ பண்ணேன், மன்னிச்சுக்க" என்று மூன்று தடவை சொன்னாள். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக என்னிடம் கேட்டாள், "ரெண்டாயிரத்து நாப்பதுல இங்க மீன் பிடிக்க யாரு சார் இருப்பா?" எனக்கு உடனே என் மகள் இங்ஙெபோர்தான் நினைவுக்கு வந்தாள். ட்ரோம்சோவில் மூன்று படகுக்காரர்கள் அவளைத் தங்கள் படகுக்கு வரச்சொல்லிப் போட்டி போடுகிறார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலம்மா. எம் பொண்ணு ஒருத்தி இருக்கா, ஏதோ வலை பிடிப்பா."

போன வாரம் திட்டம் அச்சாகி வந்தது, நூற்று நாற்பது பக்கம். நாம் தொண்ணூற்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறோம். 'மீன் வரத்து: மிகக் குறைவு. உணவு: வீடுகளில் பற்றாக்குறை. அடுத்த தலைமுறை: இல்லை. பரிந்துரை: மூடலாம்.' பற்றாக்குறை என்பதைப் படித்துவிட்டு குட்னி இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறக்காமலே கெட்ட நுணல் நாங்கள்தான்.

இருபதாம் தேதி மாகாணத்தார் ஆட்சேபம் கேட்க வருகிறார்கள். நம் துறை நல்ல துறை என்று யாராவது எழுந்து நின்று சொல்லவேண்டும், அவ்வளவே. நேற்று ஊர் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். ஸ்வெர்ரே எழுந்தான். முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டது. "நம்ம துறை... அப்படி ஒன்னும்... மோசம்னு சொல்லிட முடியாது" என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "போதும்டா, ரொம்பப் பீத்திக்காத!" அவன் வியர்த்துப்போய் உட்கார்ந்தான். கூட்டம் முடிந்துவிட்டது.

இதெல்லாம் போகட்டும் அக்கா. எனக்குப் பெரிய கவலை வேறு. இங்ஙெபோர் ட்ரோம்சோவில் ஒரு பழைய படகு பார்த்திருக்கிறாள், முப்பத்தைந்து அடி. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டுமாம். ஞாயிறன்று போன் பண்ணினாள். "அப்பா, அங்க மீன் எப்படி இருக்கு? நான் வந்துரட்டுமா?" நான், "ஏதோ இருக்கு. உன் இஷ்டம்" என்றேன். அவள் "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அவள் வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கு எழுத முடிகிறது, அவளிடம் சொல்ல முடியவில்லை. துறை போனால் அவள் வர இடமில்லை, அவள் வராவிட்டால் துறை எதற்கு?

ஆகவே நீ வரவேண்டும். நீ பெர்கனில் நாற்பது வருஷம் இருந்தவள். தங்கள் ஊர் மழையைக்கூட உலகத்திலேயே சிறந்த மழை என்று பீற்றிக்கொள்கிறவர்கள் பெர்கன்காரர்கள். உனக்கும் அது கொஞ்சம் தொற்றியிருக்கும், இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபதாம் தேதி வந்து எங்களுக்காக நாலு வார்த்தை நல்லதாகப் பேசு. வரும் வழியில் உன் மருமகள் இங்ஙெபோருக்கும் போன் பண்ணி நான் சொல்லாததைச் சொல்லிவிடு.

நீயும் உன் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், காற்றும் கடலும் உங்களிடம் தயவாக இருக்க, கடவுள் அருளட்டும். குட்னி விசாரித்ததாகச் சொன்னாள். பெரிதாக இல்லை, சும்மா.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
எய்லெர்ட்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): தபால் படகின் இயந்திரம் பழுதாகி மூன்று நாளாக வரவில்லை. கடிதம் இன்னும் என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. அதுவும் நல்லதுக்குத்தான், நீ வரவேண்டாம். நேற்று பெனடிக்டே போன் பண்ணினாள். கரையோரத்து இருபத்திரண்டு துறைகளும் ஒன்றரை என்றே சொல்லியிருக்கின்றனவாம், அந்த ப்ரெம்விக் உட்பட! திட்டப்படி பார்த்தால் மாகாணத்தில் மீனே இல்லை. "அப்ப இத்தாலிக்குப் போற கருவாடு எங்கேருந்து வருது?" என்று அவள் மேலதிகாரி கேட்டிருக்கிறார். திட்டத்தை முதலிலிருந்து எழுதப்போகிறார்களாம், இருபதாம் தேதி கூட்டமும் ரத்து.

"சார், 'சொல்லிக்கிற மாதிரி இல்ல'ன்னா அஞ்சுன்னு எழுதிக்கலாமா?" என்றாள்.

நெடுநேரம் யோசித்துவிட்டு, "நாலரைன்னு வெச்சுக்கலாம்மா" என்றேன்.

"அப்ப உங்க பொண்ணு 'ஏதோ வலை பிடிப்பா'ன்னா?"

அவளிடம் பதில் சொல்லாமல் வைத்துவிட்டு, ஞாயிறு வரை காத்திராமல் இங்ஙெபோரைக் கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "கடல் நெறய மீன் இருக்கு. இந்தக் கரையில உன்ன மாதிரி வலை போட ஆளே இல்ல. படகை வாங்கிட்டு வந்துரு. நீ வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம்."

அவள் மெல்லக் கேட்டாள், "அப்பா... டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா? எனக்கு ஒன்னுமில்லடி!"

"அம்மாகிட்ட போனைக் குடுப்பா."

நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த குட்னி போனை வாங்கிக்கொண்டு அழுதாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. போதாதா? இங்ஙெபோர் தன் அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடத் துடித்திருக்கிறாள். தபால் படகும் ஓடவில்லை. உடனே அந்த முப்பத்தைந்து அடிப் படகை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாளை மதியம் வந்துவிடுவாள். அவள் மனசு கோணாமல் இருக்க நாளை ஒரு பொழுதாவது கட்டிலில் படுத்துக் கிட என்கிறாள் குட்னி. என்னால் முடியாது அக்கா, நான் துறையில்தான் நிற்பேன். நன்றாக இருக்கிறேன். ரொம்ப ரொம்ப நன்றாக இருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லிவிடாதே.