ஏழாவது வேகம்

பெரிய காஞ்சிபுரம்
6-4-1979, வெள்ளிக்கிழமை, காலை 5.40
நேற்று வரை ஆட்டம்: 612

மதிப்புக்குரிய பரசுராமன் மாமா அவர்களுக்கு, அக்கா மகன் பழனி வணங்கி எழுதுவது. நான் சுகமில்லை. நீங்களும் மாமியும் உங்கள் மகள் தேவகியும் சுகமாக இருப்பீர்கள், இந்தக் கடிதம் வந்து சேரும்வரை.

காசு போட்டு ஆடும் உங்கள் கார் மிஷினைத் திருவிழா முடியும்வரை பழுதில்லாமல் நடத்திக் காட்டினால், தேவகியை எனக்குக் கொடுப்பது பற்றி உங்கள் அண்ணன் முனிசாமி பெரிய மாமாவிடம் பேசுவதாகச் சொன்னீர்கள். இனிப் பேச வேண்டாம். அவரே பேசிவிட்டார், கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

ஸ்டியரிங்கைத் திருப்பி எதிரே வரும் கார்களில் மோதாமல் தப்பிப்பதுதான் ஆட்டம். நீங்கள் கொடுத்தபோது ஒரே வேகம். இரண்டாவது ஆட்டத்திலேயே கொட்டாவி வரும். அதனால் நான் ஒரு பல்சக்கரம் வைத்தேன். பத்துக் கார் தப்பினால் சக்கரம் ஒரு பல் நகரும், மோட்டாருக்குப் போகும் கரண்ட் கூடும், சாலை வரைந்த உருளை இன்னும் வேகமாகச் சுற்றும். மொத்தம் ஏழு வேகம். மூன்று முறை மோதினால் ஆட்டம் முடிந்து, ஒரு மின்காந்தம் சக்கரத்தை விடுவிக்க, அது முதல் வேகத்துக்குத் திரும்பிவிடும். கரண்ட் போனால் மின்காந்தம் வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். தேர் வந்தால் தெருவில் கரண்ட்டை நிறுத்துவார்கள் என்பதும் பிறந்ததிலிருந்து தெரியும். இரண்டையும் சேர்த்து மட்டும் யோசிக்கவில்லை.

நேற்றுத் தேர். தறிக்காரர் வீட்டு வேணுகோபால் ஏழாவது வேகத்தில் பறந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது, அவனும் வடம் பிடிக்கப் போய்விட்டான், சக்கரம் ஏழிலேயே நின்றுவிட்டது. தேர் தாண்டிக் கரண்ட் வந்ததும் முதல் ஆளாக உட்கார்ந்தது யார்? என் லட்சணத்தைப் பார்க்கச் சொந்தக்காரர்களோடு வந்திருந்த பெரிய மாமா. காசைப் போட்டார். நாலே விநாடியில் மூன்று மோதல். அடுத்து உட்கார்ந்த பூக்காரப் பூவம்மாளுக்கு மிஷின் முதல் வேகத்திலிருந்து பதவிசாக ஓடியது. அந்தம்மா சும்மா இருந்ததா? "டிரைவரண்ணே, நீங்க போயி டிக்கெட்டு கிழிங்க, நான் ஓட்டிக்கினு வரேன்" என்றது. தெருவே சிரித்தது.

"இருவது வருசமா பஸ் ஓட்டிக்கினு இருக்கேன், ஒரு ஆட்டுக்குட்டிய இடிச்சதில்ல. ஆளப் பாத்து முடுக்குறியாடா?" என்றார் பெரிய மாமா.

உண்மையைச் சொன்னேன். "மிஷினுக்கு உங்களத் தெரியாது பெரிய மாமா. அது ஏழாவது வேகத்துல இருந்துது. அதுக்கு உங்க கை பத்தல."

"கை பத்தலியா? இவனுக்குப் பொண்ணு ஒரு கேடா!" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே மிஷினை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். நான் பம்பாய்க்குப் போகிறேன். அங்கே தேர் இல்லை. தேவகிக்கு நல்ல இடமாகப் பாருங்கள். மாமிக்கு என் நமஸ்காரம். தேவகியிடம் நடந்ததைச் சொல்லாதீர்கள், சிரித்துவிடுவாள். அதை என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
பழனி

பி.கு.: லாரியை எதிர்பார்க்க வேண்டாம். காலை எட்டேகாலுக்குப் பெரிய மாமா காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். ஆறு ஆட்டம் ஆடினார். மூன்றாவது வேகம் வரை தேறினார். நாலாவதில் ஒவ்வொரு தடவையும் மோதல்தான். எழுந்து, "அந்த ஏழத் தாண்டிட்டுத்தான் தேவகிக்கு நாள் குறிப்பேன். டியூட்டி முடிச்சிட்டு வரேன். மிஷின்ல கைய வெச்ச, தொலச்சிடுவேன்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் கைக்கு இந்த ஜன்மத்தில் ஏழாவது கிடையாது. எனக்குக் கல்யாணமும் கிடையாது. எனவே செய்யப்போவது:

1. கரண்ட் போனாலும் சக்கரம் தானே முதல் வேகத்துக்குத் திரும்பும்படி மாற்றுவேன்.
2. மூன்றுக்கு மேல் வேகம் ஏறாதபடி ஒயரை இணைப்பேன். வேகத்தைக் காட்டும் விளக்கு மட்டும் ஏழு வரை எரியும்.
3. வேணுகோபால் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவான். தாலி கட்டும்வரை அவனுக்கு மட்டும் மிஷின் ரிப்பேர்.
4. பெரிய மாமா ஜெயித்ததும், எப்படி ஜெயித்தார் என்று அவருக்கு விளக்க மாட்டேன். இந்த ஒன்றுதான் என்னால் முடியுமா என்று தெரியவில்லை.