என் படத்துக்கு மேல் தொங்கிய எழுத்து

தெரியாத மொழியில் எழுதியிருப்பதெல்லாம் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று நம்பும் முட்டாள்களில் நானும் ஒருவன்.

இரண்டாயிரத்து ஆறில் ஷார்ஜா முவைலாவில் தங்கி, கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். என் ரூம் லட்சணமானது என்று பெண் வீட்டுக்குக் காட்ட வேண்டும். சீனப் பொருள்கள் விற்கும் கடையொன்றில், வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒற்றை எழுத்து. "குட் லக்கா?" என்றேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். (நம்மூர்த் தலையாட்டல்போல ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.) அதை மாட்டி, அதன் கீழே சட்டம் போட்ட என் கறுப்பு வெள்ளைப் படத்தையும் மாட்டினேன். அந்தச் சுவரைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் ஒரு தட்டில் மூன்று ஆரஞ்சு. வராந்தாவில் ஒருவருமில்லை. மறுநாள் மூன்று ஆப்பிள்.

என்னோடு தங்கியிருந்த நாகர்கோவில்காரன் செல்வராஜ் பழத்தைத் தொடவில்லை. "லே மக்கா, இது சரியில்ல பாத்துக்க" என்றான். (நான் தின்றேன்.)

அதற்குப்பின் என்னைக் கண்டால் எதிர் ரூமில் தங்கியிருந்த சீனர்களின் பேச்சு நின்றுவிடும். படியில் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தரையில் என் நிழலைத் தேடினார். எனக்கே சந்தேகம் வந்து, கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது.

நான்கைந்து நாள் கழித்து அவர்களில் இந்தி தெரிந்த லின் வந்தார். நேராக என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"பாய், தும் மரா நஹீ?" (நீ சாகலையா?)

லின் சுவரைக் காட்டினார். அந்த எழுத்தின் மேல்பாதி மதுஜாடியாம், கீழ்ப்பாதி அதைத் தாங்கும் பீடமாம். செத்தவருக்கு வைக்கும் படையல் என்று அர்த்தமாம். சாவு வீட்டில் இறந்தவர் படத்துக்கு மேலே மாட்டுவார்களாம். என் முகம் போன போக்கைப் பார்த்து, "கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும்போதும் இதே எழுத்துதான்" என்று ஆறுதல் சொன்னார்.

துணியை உடனே கழற்றினேன். ஆனால் படம் ஊருக்குப் போய்விட்டதே. பெண்ணின் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், சீனர் சாவு வீடுகளைக் கண்டவர்; படத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தார். செல்வராஜ் எடுத்தான்.

"தம்பி, மாப்பிள்ளை எப்ப தவறினாரு?"

நான் லீவு போட்டு நேரில் போய் நின்ற பிறகுதான் நிச்சயதார்த்தம் நடந்தது. அப்போதும் சித்தப்பா கை குலுக்குவதுபோல் நாடி பார்த்தார்.

இப்போதும் விருந்தாளிகளிடம் என் மனைவி சாதாரணமாகச் சொல்வாள்: "இவரு செத்ததுக்கு அப்புறந்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு."