லிங்க் இல்லாத குழாய்

கிட்ட வந்து உட்காருங்கள். ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். அது கேட்டால் வருத்தப்படும்.

ஒரு குடிநீர் வாரிய அலுவலகம். "நாளை விடுமுறை" என்று ஒருநாள் எல்லார் ஃபோனுக்கும் செய்தி வந்தது. மறுநாள் ஈ காக்கைகூட வரவில்லை. தபால் பிரிவு அக்கா மட்டும், வாட்ச்மேனுக்குப் போன் போட்டு "ஆபீஸ் உண்டாண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

செய்தி பொய். மேலிடத்துக்குக் கோபம். உடனே மேலதிகாரி, அந்தச் செய்தியை முதல் ஆளாகப் பரப்பிய அதே புண்ணியவான், ஒரு சுற்றறிக்கை விட்டார்: "இணையத்தில் வருவது மெய்யா பொய்யா என்று அறிவது எப்படி? ஊழியர் அனைவரும் ஆராய்ந்து ஒரு பக்கக் கட்டுரை சமர்ப்பிக்கக் கடவர். தேறாதவர் மலைக்கிளைக்கு மாற்றப்படுவர்."

மலைக்கிளை என்றால் பஸ்ஸே மூச்சு வாங்கி ஏறுகிற இடம். அக்கா வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. இவள் போய்விட்டால் அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கக்கூட ஆளில்லை.

அதனால் அக்கா நிஜமாகவே ஆராய்ந்தாள். ஏமாந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். கடைசியில் எழுதினாள்: "குழாயில் தண்ணீர் வராது என்று செய்தி வந்தால், குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்."

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது? இதுக்கு லிங்க் எங்கே?"

"குழாய்க்கா சார்? உங்க பின்னாடியே இருக்கே. திறந்து பாருங்க."

"நான் திறந்து பார்த்தா அது என் சொந்தக் கருத்து ஆயிடும்மா. ஆதாரம்னா நெட்ல இருக்கணும். மத்தவங்களைப் பாரு, எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. அப்போ அது உண்மையாத்தானே இருக்கணும்?"

ஒரே மாதிரிதான், ஒரே பக்கத்தைப் பார்த்து அப்படியே இறக்கியிருந்தார்கள். எல்லாக் கட்டுரையும் "முடி கொட்டுகிறதா? இங்கே அழுத்தவும்" என்றுதான் முடிந்தது. "முடிவுரை நெஞ்சைத் தொட்டது" என்று அதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார். வழுக்கைத் தலை, மனம் ஒன்றிப் படித்திருப்பார்.

"திங்கட்கிழமைக்குள்ள லிங்க்கோட கொண்டா. இல்லேன்னா மலைதான்."

"நெட்ல இருந்தா போதுமா சார்?"

"நெட்லயே இருந்தா, அப்புறம் கேள்வி கேட்க நான் யாரும்மா?"

அக்கா அதை மனசில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே, ஃபோனில் சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கி ஒரே வரி ஏற்றினாள்: "குடிநீர் வாரிய மேலதிகாரி மலைக்கிளைக்கு மாற்றம்." அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அனுப்பி, "இது உண்மையான்னு பாருங்க" என்று கேட்கவும் கேட்டாள். பார்க்கிறதாவது! அவள் வீடு சேர்வதற்குள் அந்தச் செய்தி ஊரைச் சுற்றி, அழுகிற முகங்கள் ஒட்டிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்துவிட்டது.

திங்கட்கிழமை வாசலில் வாட்ச்மேன் அதிகாரியை மறித்தார்.

"சார், நீங்கதான் மாறிப் போயிட்டீங்களே!"

"யோவ், உன் எதிர்லதானய்யா நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க, இல்லேங்கல. அதுக்கு லிங்க் இருக்கா?"

அன்று போனில் உள்ளதைச் சொன்ன அதே வாட்ச்மேன்தான். என்ன செய்ய, அவரும் கட்டுரை எழுதித் தேறிவிட்டார்.

மாடி ஜன்னலில் நின்று அதிகாரியைப் பார்த்தவர்கள், ஃபோனையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "பாவம், நல்ல மனுஷன், போயிட்டாரே" என்றார்கள். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால், "நெட்ல பார்த்தோம் சார், போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்க" என்றார்கள். கடைசியில் அவரே தேடிப் பார்த்தார். "இத்தனை பேர் சொல்றாங்களே..." என்று முனகிவிட்டு, பெட்டியைக் கட்டச்சொல்லி மனைவிக்குப் போன் போட்டார்.

அக்கா கட்டுரையை நீட்டினாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்து சார். பொய்ச் செய்திக்கு ஒரு உதாரணம் சேர்த்திருக்கேன், லிங்க்கோட."

அவர் உதாரணத்தைப் படிக்கவில்லை. லிங்க் திறக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பார்த்தார். திறந்தது. "இதைத்தானேம்மா அன்னிக்கே கேட்டேன்?" என்று சொல்லி, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மலைக்குப் போகிற பஸ் தெருமுனை திரும்பியதும் அக்கா ஃபோனில் அந்தப் பக்கத்தை அழித்தாள். இனி அவர் போனதற்கும் ஆதாரமில்லை, இருந்ததற்கும் ஆதாரமில்லை.

பிறகு மாடியேறி, அவர் அறைக்குள் போய், நாற்காலிக்குப் பின்னால் இருந்த குழாயை முதல்முறையாகத் திறந்தாள். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். சத்தமில்லாமல் மூடிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.