மாவு மில்லில் அரைத்த கடலைக்கொடி

ராஜபாளையத்தில் எதையும் முழுசாக விட்டுவைக்காத மனிதர் என்றால் அது எங்கள் தெரு புளோரூம் அண்ணாச்சிதான். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோரூமில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கட்டி, முடிச்சு, நீளம், குட்டை எதுவும் அவருக்கு ஆகாது. அப்பளத்தைக்கூட ஒரே சீராக நொறுக்கிவிட்டுத்தான் வாயில் போடுவார்.

சும்மா இருக்க முடியாமல் மம்சாபுரத்தில் ஒரு செம்மறிக் குட்டி வாங்கி வந்தார். காய்ந்த கடலைக்கொடியைப் போட்டால் அது இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கியது. "இம்புட்டு வேஸ்ட் விழுந்தா மில்லு ஓடுமா தம்பி?" என்று என்னிடம் பொருமினார். கொடியைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டார். குட்டி கூடுதலாகத் தின்றது. அதோடு விடுவாரா? மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனார்.

"அண்ணாச்சி, இதை அரைச்சா பொறவு எவ இங்க மாவு திரிக்க வருவா?" என்று மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணாச்சி அசையவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டு இடியாப்பத்தில் தொழுவ வாசனை அடித்தது.

சும்மா சொல்லக்கூடாது, குட்டி மளமளவென்று வளர்ந்தது. மக்காச்சோளமும் சேர்த்ததும் இன்னும் பருத்தது. எடை பார்க்க ரேஷன் கடைத் தராசில் ஏற்றப் போனார். "கார்டுல இதுக்குப் பேரு இருக்கா?" என்று கடைக்காரர் விரட்டிவிட்டார். அண்ணாச்சி உற்சாகம் குறையாமல் மக்காச்சோளத்தைக் கூட்டினார்.

ஒரு நாள் காலையில் குட்டி வயிறு உப்பி, கண் சொருகிப் படுத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா அந்தப் பவுடரை அள்ளிப் பார்த்தார்.

"மாவாக் கொடுத்தா அது என்னத்தை மெல்லும்? மென்னாதானே எச்சில் ஊறும்? எச்சில் இல்லாம இம்புட்டு மக்காச்சோளம் போனா வயிறு புளிச்சுப் போகாதா?"

"பாவம், சிரமப்படாமத் திங்கட்டுமேன்னுதான்..." அண்ணாச்சி குட்டியின் வயிற்றைத் தடவிக் கொடுத்தார்.

டாக்டரம்மா சோடா உப்புக் கரைசலைப் புகட்டினார். நறுக்காத கொடியை முன்னால் போடச் சொன்னார். "அசை போட ஆரம்பிச்சா பிழைச்சுக்கும்" என்று கிளம்பினார். போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

அண்ணாச்சி குட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இப்படிலே, இப்படி" என்று தாடையை இடமும் வலமும் ஆட்டி மென்று காட்டினார். தெருவே கூடிவிட்டது. எப்போதும் சிரிக்கிற நாங்கள் அன்று சிரிக்கவில்லை. பக்கத்தில் வைத்த காபி ஆறிப்போயிற்று, அவர் நிறுத்தவில்லை.

சாயங்காலம் குட்டி பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. வயிற்று உப்பல் வடிந்தது. மெதுவாக ஒரு கொடியை இழுத்துத் தின்றது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. கடைசியில் தொண்டையில் ஏதோ மேலேறியது, தாடை அசைந்தது. அப்பாடா என்று தெருவே மூச்சு விட்டது. அண்ணாச்சி மட்டும் கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டே இருந்தார்.

"ஏங்க, போதும். அதுவே மெல்லுது" என்று அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, அவர் தோளைத் தொட்டார்.

"செத்த இரு. நான் பாதியில விட்டா அதுவும் நிறுத்திரும்."

அந்த மனிதர் மேல் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பாசம் வந்ததோ. பக்கத்தில் உட்கார்ந்து நானும் தாடையை ஆட்டினேன்.