எல்லாம் பச்சை

இலக்கு வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. காலாண்டு பிறந்ததும் ஆட்களையெல்லாம் ஓர் அறையில் அடைத்து, கதவைச் சாத்தி, சுவரில் திரையை ஒளிரவிட்டு, "நாம எதுக்காக இங்க இருக்கோம்?" என்று கேட்பாரே, அவர்தான். சம்பளத்துக்காக என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கூட்டம் இன்னும் நீளும்.

நம்முடையவர் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேலாளர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் பச்சைக்கட்டம். திட்டமிடும் மென்பொருளில் ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு கட்டம். எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் மனிதருக்குத் தண்ணீர்கூட இறங்காது.

இந்தக் காலாண்டின் குறிக்கோள், 'வாடிக்கையாளர் முகத்தில் புன்னகை'. புன்னகையை எதைக் கொண்டு அளப்பது? அதற்கும் வழி கண்டார். எந்தப் புகாரும் இரண்டு நாளுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது.

"சார், மோட்டார் வந்து சேரவே ஒரு வாரம் ஆகுமே," என்றார் மெக்கானிக்.

"பிரச்சினையோட வராதீங்க. தீர்வோட வாங்க."

தீர்வோடுதான் வந்தார்கள். தொலைபேசி எடுக்கும் பெண் இரண்டாம் நாள் சாயங்காலம் மிச்சமிருக்கும் புகார்களையெல்லாம் 'தீர்ந்தது' என்று போட்டு மூடுவாள். மறுநாள் காலை வந்து பையை வைத்த கையோடு அதே புகார்களைப் புதிதாகத் திறப்பாள். இயந்திரங்கள் கிடந்த இடத்தில் கிடந்தன. கட்டம் பசேலென்று ஆகிவிட்டது. பச்சைக்கட்டத்துக்கு இது தெரியாதா? தெரிந்துகொள்ள வேண்டுமென்று அவருக்கு யாரும் இலக்கு வைக்கவில்லையே.

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு இயந்திரமே மோட்டார் எரிந்து மக்கர் செய்தது. மனைவிக்கோ வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டு. கையால் எதையும் பிழியக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"முறைப்படி புகார் குடும்மா, சிஸ்டம் பாத்துக்கும்," என்றார் கணவர்.

கொடுத்தாள். சிஸ்டம் பார்த்துக்கொண்டது. குளியலறை மூலையில் ஈரத்துணி நாற்றமெடுக்க, போனில் செய்தி வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. மகிழ்ச்சியா?' அதே செய்தி மூன்றாம் முறை வந்தபோது, அவள் இடது கையால் மகனின் சீருடையை அலசிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வரும்போதே அவருக்கு முகமெல்லாம் பல். "எல்லாம் பச்சை. தலைமை அலுவலகத்துல கைதட்டினாங்க தெரியுமா?"

கை கழுவி உட்கார்ந்தார். எதிரே காலித் தட்டு.

"சாப்பாடு?"

"போட்டாச்சே."

"எங்க போட்ட?"

"போனப் பாருங்க."

பார்த்தார். 'உங்கள் பசி தீர்க்கப்பட்டது. மகிழ்ச்சியா?'

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மோட்டார் இன்னும் வரல போல," என்றார்.

"அது எனக்கு எதுக்குங்க? கட்டம் பச்சைதானே."

வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குளியலறை வாளி முன்னால் குந்தினார். திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது:

"அம்பது சதவீதம் முடிஞ்சாச்சும்மா."

"காஞ்சப்புறம் சொல்லுங்க," என்றாள் அவள், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே.

நீங்கள் சிரிக்கலாம், தாராளமாக. ஆனால் நேற்று நடைக்கணக்கு குறைகிறதே என்று, சோபாவில் சாய்ந்தபடியே, அடிகளை எண்ணும் கடிகாரம் கட்டிய கையை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தது யார்?