தொண்ணூறு சதவீத அடைப்பு

மைக்கை அணைக்க மறந்துவிட்டோம் என்பது, பேருந்து நிலையத்தில் நின்றிருந்த கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தபோதுதான் அறிவிப்பாளருக்கு உறைத்தது.

அதற்குள் பாதி வெளியே போய்விட்டது. "டாக்டர், திரும்பவும் அடைப்பு வந்துடுச்சு போல," என்று அவர் கைபேசியில் சொன்னதை நடைமேடைகள், டீக்கடை, பொருள் வைக்கும் அறை என்று எல்லா இடத்திலும் அவருடைய கணீர்க் குரலிலேயே கேட்டார்கள். மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தவர் பொத்தானை ஓங்கி அறைந்தார். அடுத்துச் சொல்ல வாயெடுத்தது, "காலையிலேர்ந்து நூல் மாதிரிதான் போகுது" என்பது. அதுவும் போயிருந்தால் அன்றைக்கே வேறு வேலை தேடியிருப்பார்.

தப்பித்தோம் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

முதலில் வந்தவர் நிலைய மேலாளர். இதயத்தில் அடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அதைப் பற்றிப் பேசச் சரியான ஆள் கிடைக்காமல் ரொம்ப நாளாகத் தவித்துக்கொண்டிருந்தவர். பின்னாலேயே மூச்சு வாங்க ஒரு நடத்துநர்.

"எழுந்திரிக்காத. அப்படியே உட்காரு. எத்தனை அடைப்பு?" என்றார் மேலாளர்.

"ஒண்ணுதான் சார்."

"எத்தனை சதவீதம்?"

"தொண்ணூறுன்னு சொன்னாங்க."

"தொண்ணூறா. அத வெச்சுக்கிட்டா தினம் மாடி ஏறி வந்து கத்திட்டு இருக்க? எத்தனை நாளா?"

"வருஷக்கணக்கா இருக்கு சார். மூணு தடவை கம்பி விட்டு சரி பண்ணாங்க. கொஞ்ச நாள் நல்லா இருக்கும். அப்புறம் பழையபடி சுருங்கிடுது."

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு தடவை. வெளில ஒரு வார்த்தை சொல்லலையேப்பா நீ. என்ன மனுஷன்யா இவன்," என்று நடத்துநரைப் பார்த்தார். நடத்துநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அறிவிப்பாளர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எந்த இடத்தில் அடைப்பு என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இடம், சிறுநீர் வெளியே வரும் பாதை. வாலிப வயதில் சைக்கிள் சங்கிலி கழன்று, குறுக்குக் கம்பியின் மேல் இரண்டு காலையும் விரித்துக்கொண்டு விழுந்தார். அன்று பட்ட அடி உள்ளே தழும்பாகிப் பாதையைச் சுருக்கிவிட்டது. கம்பி விட்டு அகலப்படுத்தினால் சில காலம் வழி விடும். பிறகு தழும்பின் மேல் தழும்பாகி முன்னைவிட இறுகும்.

மூக்கு, தொண்டை மாதிரி அதுவும் உடம்பில் ஒரு குழாய்தான். ஆனால் அறிவிப்பாளர் அதை ராணுவ ரகசியமாக வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் அவர் மனைவியின் கருப்பையைப் பற்றி அத்தை, சித்தப்பா, சித்தப்பாவின் நண்பர் வரைக்கும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து விசாரித்தார்கள். "என்ன, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" அப்போதெல்லாம் இவருக்குக் கூச்சமே வந்ததில்லை. "மாத்திரை போட்டியா?" என்று விருந்தாளிகள் எதிரிலேயே அந்தக் கணீர்க் குரலில் அவளுக்கு ஞாபகப்படுத்துவார். தன் குழாய் என்று வந்தபோதுதான் மானம் மரியாதை எல்லாம் அதன் வழியாகவே போய்விடும் என்று பயந்தார். நூல் மாதிரிப் போகிற பாதையில் அவ்வளவு பெரிய மானம் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை.

ரகசியத்தைக் காக்க அவரிடம் ஒரே ஒரு தந்திரம் இருந்தது. குளியலறைக்குள் போனதும் வாளிக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, முக்கி, காத்திருந்து, சுவரைப் பார்த்து, சொட்டுச் சொட்டாக முடித்த பிறகுதான் குழாயை மூடுவார். அவர்கள் குடியிருந்த தளத்தில் நான்கு வீடுகள். நான்கு வீட்டுக் குளியலறை ஜன்னலும் சமையலறை ஜன்னலும் ஒரே இடுக்கைப் பார்த்துத் திறக்கும். அதனால் குழாயை இன்னும் ஒரு திருகு கூடவே திறப்பார். மனைவிக்குக்கூடத் தெரியாது. கம்பி விட்ட மூன்று முறையும் 'வெளியூரில் பயிற்சி' என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று அவர் வீட்டுக்குப் போவதற்குள் மேலாளரின் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டு அக்கா, தன் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு.

"நெஞ்சுல அடைப்பாமே?" என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எதிர்வீட்டு அக்கா ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அறிவிப்பாளர் வலது கையை எடுத்து மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"அது இடப்பக்கம் அண்ணே," என்றாள் எதிர்வீட்டு அக்கா.

கையை மாற்றிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவரைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். இனி மாடி ஏறக்கூடாது என்று மேலாளர், கீழே விசாரணைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவரை மைக்கோடு மாற்றினார். மாடி அறைக்குப் பின்னால் தனிக் கழிப்பறை இருந்தது. கூண்டிலிருந்து பொதுக் கழிப்பறைக்குப் போக நிலையத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். "தண்ணி ரொம்பக் குடிக்காத. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஆகாது. எனக்கும் அளந்துதான் குடுப்பாங்க," என்று அவர் பாட்டிலையும் மேலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அறிவிப்பாளரின் மருத்துவர் போட்ட உத்தரவு. அதை எந்த முகத்தோடு சொல்வது? குனிந்து கைகழுவும் குழாயில் குடித்தார்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை நடத்துநர். "இவன தனியா விடாத. கழிப்பறையிலதான் நெறைய பேருக்கு நெஞ்சு வலி வரும்," என்று மேலாளர் சொல்லிவைத்ததில், அந்த நல்லவன் கதவுக்கு வெளியே காவல் நின்றான்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

வரப்போன சொட்டு பயந்து உள்ளே ஓடிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அண்ணே, சத்தத்தையே காணோமே. உயிரோட இருக்கீங்களா?"

"நீ பேசாம இருந்தா இருப்பேன்."

"முக்காதீங்க அண்ணே. நெஞ்சுக்கு ஆகாது."

ஒருநாள் மாலை, தாமதமாக வரும் பேருந்து ஒன்றை அறிவிக்கும்போது, "தவிர்க்க முடியாத காரணத்தால் பாதையில் தடை ஏற்பட்டு" என்று படித்தவரின் குரல் நடுங்கியது. மைக்கை அணைத்துவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் ஓடினார்.

மருத்துவர் இளம்பெண். இனிப்புத் தடவிப் பேசத் தெரியாதவர். அவசரத்துக்கு மெல்லிய டியூப் ஒன்றைப் பாடுபட்டு உள்ளே செலுத்தி, சிறுநீர்ப்பையைக் காலி செய்து அனுப்பும் முன் எதிரில் உட்காரவைத்தார்.

"சார், இனிமே கம்பி கிம்பி கிடையாது. இப்படியே விட்டா ஒருநாள் முழுசா மூடிக்கும். அப்புறம் தொப்புளுக்குக் கீழ ஓட்டை போட்டு டியூப் வெச்சு, பை கட்டித் தொங்கவிடணும். சிறுநீரகமும் கெட்டுப்போகும். ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு போன தடவையே சொன்னேன்."

"அதுல என்ன பண்ணுவீங்க?"

"கன்னத்துக்கு உள்பக்கத் தோல்ல ஒரு துண்டு எடுத்து, சுருங்கின இடத்துல ஒட்டு வெப்போம். வாய்க்குள்ள தோல் ஈரத்துலயே இருந்து பழகினது. அங்க நல்லா ஒட்டிக்கும்."

அறிவிப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டார். "மேடம், நான் வாயால பொழைக்கறவன்."

"வாய் சீக்கிரம் ஆறிடும். இத்தனை வருஷத்துல இத யார்கிட்டயாவது வாயைத் திறந்து சொன்னீங்களா? இல்லல்ல. அப்போ அது இதுக்காவது உதவட்டும். வீட்லேர்ந்து ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க."

"வீட்ல... நெஞ்சு அடைப்புன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

மருத்துவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கியது.

வீட்டுக்கு வந்தவர் மூலையில் சாய்ந்துகொண்டார். கன்னத்தை வெட்டினால் குரல் போகுமோ? வெட்டாவிட்டால் பை தொங்குமோ? மனைவி தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண்ணின் சட்டையைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவை பிரிச்சுவிட்டீங்களே, மறுபடி பிடிக்குதே," என்றாள் வந்தவள்.

"பிரிச்சுப் பிரிச்சு இழுத்தா பிடிக்கத்தான் செய்யும். துணி நைஞ்சுபோய் இன்னும் இறுகும்," என்றாள் மனைவி, தேவைக்கு மேல் சத்தமாக. "வேற இடத்துலேர்ந்து நல்ல துணியா எடுத்து ஒட்டுப் போட்டுடணும். ஒரே வேலை. கௌரவம் பாத்துத் தள்ளிப்போட்டா கடைசில கிழிஞ்சுடும்."

"வேற துணிக்கு எங்க போறது?"

"எங்க நீளம் ஜாஸ்தியோ, அங்கேர்ந்து," என்று நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

சட்டைக்குச் சொன்னது தனக்கும் பொருந்துகிறதே என்று அறிவிப்பாளர் வியந்தார். அப்பாவிப் பெண், என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அன்றே மருத்துவரை அழைத்து நாள் குறித்தார்.

மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு என்று கதவின் மேல் முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. மனைவி நின்று அதைப் படித்தாள்.

"இதயப் பிரிவுல கட்டில் காலி இல்லியாம். அதான் இங்க போட்டிருக்காங்க," என்றார் அவர்.

"எந்தக் கட்டில்ல படுத்தா என்ன, இதயம் உங்ககூடத்தானே இருக்கு," என்றாள்.

இவ்வளவு சுலபமாக நம்புகிறவளையா இத்தனை வருஷம் பயந்து ஏமாற்றினோம் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அறுவை முடிந்த மறுநாள் மேலாளர் பழத்தோடு வந்தார். அறிவிப்பாளரின் ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. போர்வைக்கு அடியிலிருந்து ஒரு டியூப் இறங்கிக் கட்டிலுக்குக் கீழே பைக்குள் போனது.

"இதயத்துக்குப் பண்ணா வாய் ஏன்மா வீங்கியிருக்கு?"

அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். பேச முடியாத வாய்க்குள் பதில் தேடினார்.

"வாய் வழியாப் போனாங்க சார். புது முறையாம்," என்றாள் மனைவி. "போற வழியில இவருக்கு வாய்க்கொழுப்பு அதிகம்னு பாத்துட்டு, அதுலயும் கொஞ்சம் எடுத்துட்டாங்க."

"எனக்குத் தொடையில ஓட்டை போட்டாங்களே," என்று மேலாளர் ஏமாந்துபோய் உட்கார்ந்தார். "கீழ அந்த டியூப்?"

"எழுந்து நடந்தா இதயம் அதிருமாம்."

பையோடு வீட்டுக்கு வந்தவருக்கு, அந்த வாரங்களில் அவள்தான் அதைக் காலி செய்து கழுவினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் எட்டிப்பார்த்தாள். "இதயம் நல்லாப் போகுதா அண்ணே?" என்பாள். இதயம் நல்லாத் துடிக்குதா என்றுதானே கேட்க வேண்டும், பாவம் படிக்காதவள் என்று நினைத்துக்கொள்வார்.

டியூபை எடுத்த மறுநாள் காலை. வழக்கம்போல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். தயங்கி நின்றார். அடுத்த கணம், சைக்கிளிலிருந்து விழுவதற்கு முந்தைய வயது திரும்பி வந்தது. தடையில்லை, காத்திருப்பில்லை. குழாய்த் தண்ணீரோடு போட்டி போட்டு ஜெயித்தது. வாளியின் அடிகூட மறையவில்லை, அதற்குள் குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார். கண்ணாடி முன் நின்று, "பாதையில் தடை நீங்கியது," என்று அறிவித்துப் பார்த்தார். குரலும் பழையபடி கணீரென்று இருந்தது.

ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு பெரிய அறுவையையே முடித்துக்கொண்டு வந்துவிட்டோம். தன்னைப் போல ஒரு கெட்டிக்காரன் உண்டா என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு, சரியாக இடப்பக்கம் தட்டிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

மனைவி தட்டில் ரொட்டியும் ஒரு முட்டையும் வைத்தாள். இதயக்காரனுக்கு மஞ்சள் கரு ஆகாது என்று மேலாளர் சொன்னதை இவள் கண்டுகொள்வதே இல்லை. ஓட்டைத் தட்டினார். உள்ளே இருந்தது கொழகொழவென்று ஒழுகி ரொட்டியை நனைத்தது.

"என்னடி, முட்டை வேகவே இல்ல?"

மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் கதவு தட்டும் சத்தம். அறிவிப்பாளர் போய்த் திறந்தார். எதிர்வீட்டு அக்கா, வேலைக்குப் போகிற அவசரத்தில், திறந்த சாப்பாட்டு டப்பாவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நீங்க பையோட இருந்த வரைக்கும் எப்படியோ கடிகாரத்தப் பாத்து சமாளிச்சோம் அண்ணே; இன்னைக்குக் காலையில உங்க குழாய்ச் சத்தம் கேக்கவும் பழைய ஞாபகத்துல நீங்க உள்ள போனதும் அடுப்புல வெச்சு, நீங்க மூடினதும் எறக்கிட்டோம், இப்போ பாருங்க, உங்க வீட்டையும் சேத்து நாலு வீட்லயும் முட்டை வேகல."