வாத்தியாரும் வாய் திறக்காத ஸ்கேனரும்

'ஸ்கேனர் எதுவும் இணைக்கப்படவில்லை' என்று கணினி மறுபடியும் சொன்னது. கண்ணெதிரே மேசையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும் ஸ்கேனரை இல்லை என்று சொல்ல அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானேப்பா இருந்துச்சு," என்றாள் மகள். "கம்ப்யூட்டரைப் புது சிஸ்டத்துக்கு மாத்தினேன், அவ்வளவுதான்."

அவள் கையில் குடை பிடித்த தவளையின் ஓவியம். சிறுவர் புத்தகத்துக்கு அவள் வரைந்த முதல் அட்டைப்படம். செல்போனில் எடுத்து அனுப்பியதைப் பதிப்பகத்தார் நிழல் விழுகிறதென்று திருப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஸ்கேன் செய்து அனுப்பாவிட்டால் வாய்ப்பு இன்னொருவருக்குப் போய்விடும்.

"தள்ளும்மா, நான் பாக்கறேன்," என்று நாற்காலியை இழுத்தார் அப்பா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

"என்னங்க, கடையிலேர்ந்து மெக்கானிக்க வரச்சொல்லலாமே," என்றாள் அவர் மனைவி, வாசலில் நின்றபடி.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ரிட்டையரான நாளிலிருந்து இந்த வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் அவர்தானே டாக்டர்.

"மிக்ஸி ஓடல, யார் பாத்தா? காலிங் பெல் அடிக்கல, டேபிள் ஃபேன் சுத்தல, யார் பாத்தா? ஒருத்தனக் கூப்பிட்டிருப்போமா?"

மனைவி பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒயர் லூசா இருக்கும்," என்று மேசைக்கடியில் புகுந்தார். கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கிச் சொருகிவிட்டு வெளியே வந்தால், மவுஸ் நகர மறுத்தது. ஒருவழியாக அதை நகர வைத்து, ஸ்கேனரை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளை அழித்தார். கூடவே பிரிண்டரும் காணாமல் போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்."

பண்ணினார். 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் கணினி கல்லாய்ச் சமைந்தது. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பொண்ணு பொழப்புல விளையாடாதீங்க. யாரையாவது கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

வாத்தியார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "கணக்கு தப்பினா முதல் வரிக்குப் போகணும். நான் நடுவுல பூந்து அழிச்சுக்கிட்டிருந்தேன்," என்றார்.

ஸ்கேனரிலிருந்து கிளம்பும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது கணினிக்கே போகவில்லை. ஐந்தாறு ஒயர்கள் நெரிசலில் நின்ற ஒரு சின்ன இணைப்புப் பெட்டிக்குப் போனது. ஒயரை அங்கிருந்து கழற்றி, கணினி விழித்ததும் நேராக அதன் முதுகிலேயே சொருகினார். ஸ்கேனர் கம்பெனியின் தளத்தில் புது சிஸ்டத்துக்கான டிரைவரைத் தேடி, வரிவரியாகப் படித்து ஏற்றினார்.

ஸ்கேனர் முனகியது. உள்ளே வெளிச்சம் ஊர்ந்தது. திரையில் தவளை குடையோடு வந்து நின்றது, பச்சை கொஞ்சமும் குறையாமல்.

படம் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 'அருமை, அச்சுக்கு அனுப்புகிறோம்' என்று பதிலும் வந்தது. வாத்தியார் தம்பிக்கு போன் போட்டு, "நம்ம வீட்டுப் பக்கம் மெக்கானிக்குக்கு என்னடா வேலை?" என்று கூடம் அதிரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எப்பவும் 'உங்கப்பா பாத்துப்பார்'னுதானே சொல்லுவே. இன்னைக்கு மட்டும் ஏன் அவரை நம்பல?" என்றாள் மகள்.

அம்மா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மனுஷன் சும்மா உக்காந்து வாடக்கூடாதேன்னு மிக்ஸி, ஃபேன்னு மத்ததையெல்லாம் நான்தான்டி கழட்டி விட்டு வச்சேன், இது ஒண்ணுதான் நிஜமாவே கெட்டுப்போனது, இதையும் பண்ணிட்டார் பாத்தியா."